‘வெறும் பார்ட்தானே?’: பிஸ்டலை மாற்றியமைக்க நினைக்கும் கிரீன் கார்டுதாரருக்கு ஒரு வழக்கறிஞரின் பதில்

கடிதத்தின் சுருக்கம்: வாசகர் டெக்சாஸில் மனைவி, ஒன்பது வயது மகளோடு வசிக்கிறார். கிரீன் கார்டு கிடைத்து நான்கு வருடம் ஆகிறது. குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் நாளை எதிர்பார்த்திருக்கிறார். அக்கம்பக்கத்தில் நடந்த ஒரு திருட்டுக்குப் பிறகு, டீலரிடம் 4473 படிவம் நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்து, ஒரு கிளாக் 19 பிஸ்டல் வாங்கினார். ரேஞ்சுக்குப் போய்ப் பழகியதில் ஆர்வம் கூடி, இப்போது வார இறுதிப் போட்டிகளிலும் சுடுகிறார். அதே பிஸ்டலில் பல மாற்றங்கள் செய்ய ஆசை: இரண்டரை பவுண்ட் அழுத்தத்திலேயே சுடும் டிரிகர், ஸ்லைடைக் (மேலே முன்னும் பின்னும் நகரும் உலோகப் பகுதி) குடைந்து ரெட் டாட் (குறி பார்க்கச் சிவப்புப் புள்ளி காட்டும் கருவி), மரையிட்ட பேரலில் (குழல்) காம்பென்சேட்டர் (சுடும்போது முனை மேலெழும்புவதைக் குறைக்கும் துணைக்கருவி), பிடியில் சூட்டுக்கோலால் சொரசொரப்பு, மண்டை ஓடு பொறித்த பின்தகடு. பின்தகட்டைத் தேடும்போது ஒரு வெளிநாட்டுத் தளத்தில், சிறு பொத்தான் வைத்த இன்னொரு தகடும் கண்ணில் பட்டிருக்கிறது. வாங்கவில்லை, கார்ட்டில் போட்டு வைத்திருக்கிறார். தோளில் முட்டுக்கொடுக்கும் கட்டை மாட்டுவதற்கு ‘இப்போது வரியே கிடையாது, தாராளமாக மாட்டலாம்’ என்று நண்பர் ஒருவர் சொன்னாராம். எச்-1பி விசாவில் இருக்கும் மனைவியின் தம்பி இவர்கள் வீட்டில்தான் தங்கியிருக்கிறார், ரேஞ்சுக்கும் கூட வருகிறார். வேலை கலிஃபோர்னியாவுக்கு மாறலாம் என்ற பேச்சும் இருக்கிறது. “பிஸ்டல் சட்டப்படி வாங்கியது. மற்றதெல்லாம் வெறும் பார்ட்தானே? நாளைக்கே வீட்டில் எவனாவது நுழைந்து நான் சுட நேர்ந்தால், இந்த மாற்றங்களை வைத்து என்னைக் குற்றவாளி ஆக்க முடியுமா?” என்பது அவர் கேள்வி.

அன்பு நண்பரே,

வாங்குவதற்கு முன்பே கேட்டீர்கள், அதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். என்னிடம் வருபவர்களில் பலர் வாங்கி, மாட்டி, வழக்கும் பதிவான பிறகுதான் வருகிறார்கள். நான் குற்றவியல் வழக்குகளும் குடியேற்ற வழக்குகளும் பார்ப்பவன். உங்கள் கடிதத்தில் இரண்டும் பின்னிக் கிடக்கின்றன, அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

‘வெறும் பார்ட்தானே’ என்பதில் பாதி உண்மை இருக்கிறது. 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, ‘துப்பாக்கி’ என்று கணக்கில் வருவது ஃபிரேம் மட்டுமே. உங்கள் கிளாக்கில் டிரிகர் காப்புக்கு முன்னால், அடிப்பக்கத்தில், பிளாஸ்டிக்கில் பதித்த ஒரு சிறிய உலோகத் தகட்டில் வரிசை எண் இருக்கும். அந்த எண் இருக்கும் உடல்தான் சட்டத்தின் கண்ணில் துப்பாக்கி. ஸ்லைடு, பேரல், டிரிகர், ஸ்பிரிங், சைட் எல்லாம் மத்திய சட்டப்படி சாதாரணச் சரக்கு. அதனால்தான் அவை கூரியரில் நேராக வீட்டு வாசலுக்கே வருகின்றன. ரெட் டாட்டுக்காக ஸ்லைடைக் குடைய வேண்டுமென்றால் ஸ்லைடை மட்டும் கழற்றிப் பட்டறைக்கு அனுப்புங்கள், ஃபிரேம் உங்கள் பெட்டியிலேயே இருக்கட்டும்.

மீதிப் பாதியில்தான் ஆபத்து இருக்கிறது. சில பார்ட்கள் எதிலும் மாட்டாமல் தனியாகக் கிடந்தாலே முழு ஆயுதத்துக்குச் சமம். அதோடு, நீங்கள் குடிமகன் அல்ல. குடியேற்றச் சட்டத்தில் துப்பாக்கிக் குற்றங்களுக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது: 237(a)(2)(C). துப்பாக்கியை மட்டும் சொல்லி அது நிற்கவில்லை. ஆயுதமாகக் கருதப்படும் பாகம், துணைக்கருவி என்று அவற்றையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. வாங்குவது, விற்பது, வைத்திருப்பது என எதற்காகத் தண்டனைத் தீர்ப்பு வந்தாலும் நாடுகடத்த அது போதும். ஒரு குடிமகன் அபராதமும் நன்னடத்தைக் கண்காணிப்புமாகத் தப்பித்துக்கொள்ளும் அதே வழக்கில், உங்களுக்குக் குடியேற்ற நீதிமன்றத்தின் நோட்டீஸ் வரும்.

பொத்தான் வைத்த தகடு

முதல் வேலையாக அதைக் கார்ட்டிலிருந்து நீக்கிவிடுங்கள். இந்தப் பத்தியைப் படித்து முடிக்கும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

ஸ்லைடின் பின்பக்கத்தை மூடும் தகடு ஒரு எளிய பொருள். படம் பொறித்தது, நிறம் பூசியது என்று எத்தனையோ வகை சட்டப்படி விற்கிறது. அதே இடத்தில் உட்காரும், பொத்தானோ சிறு நெம்புகோலோ வைத்த சாதனத்தின் வேலை வேறு. ஒரு முறை விசையை இழுத்தால் மேகசின் (தோட்டாக்கள் அடுக்கிய கூடு) காலியாகும்வரை சுட வைப்பது அது. 1934ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டப்படி, இப்படி மாற்றுவதற்கென்றே செய்யப்பட்ட பாகமே ஒரு ‘இயந்திரத் துப்பாக்கி’. மாட்டியிருக்க வேண்டியதில்லை, வீட்டில் பிஸ்டல் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. 1986 மே 19க்குப் பிறகு புதிதாகச் செய்த எதையும் தனிநபர் பதிவு செய்யவே முடியாது. எனவே ‘அனுமதி வாங்கிக்கொள்கிறேன்’ என்ற வழியும் அடைபட்டுவிட்டது. பத்தாண்டு வரை சிறை, இரண்டரை லட்சம் டாலர் வரை அபராதம்.

விற்பவன் அதை வேறு பெயரில் விற்பான். பொம்மைத் துப்பாக்கியின் பாகம் என்பான், அலங்காரத் தகடு என்பான். பார்சல் சுங்கத்தில் சிக்கினால், அதிகாரிகள் அதை அப்படியே உங்கள் வீட்டுக்கு வர விட்டு, நீங்கள் கையெழுத்திட்டு வாங்கிய பிறகு கதவைத் தட்டுவதும் உண்டு. எண்ணெய் வடிகட்டி, சுத்தம் செய்யும் கிட் என்ற பெயரில் வரும் சைலன்சர் பாகங்களுக்கும் இதே கதைதான். கிரீன் கார்டுதாரருக்கு இந்த வகைத் தீர்ப்பு ‘கடுங்குற்றம்’ என்ற பட்டியலில் விழும். அதில் விழுந்தவருக்கு, நாடுகடத்தலை ரத்து செய்யக் கோரும் வழக்கமான நிவாரணமும் கிடையாது, குடியுரிமைக் கதவும் நிரந்தரமாக மூடிவிடும்.

மண்டை ஓடு பொறித்த தகடு குற்றமில்லை. ஆனாலும் வேண்டாம் என்பேன். 2016இல் அரிசோனாவின் மேசா நகரில் ஒரு காவலர், நிராயுதபாணியான ஒருவரைச் சுட்டுக் கொன்றார். அவருடைய துப்பாக்கியின் ஒரு மூடியில் ஆபாசமான மிரட்டல் வாசகம் பொறிக்கப்பட்டிருந்தது. அதை ஜூரிக்குக் காட்ட நீதிபதி அனுமதிக்கவில்லை. 2017இல் காவலர் விடுதலையும் ஆனார். ஆனால் அந்த வாசகம் நாடு முழுக்கச் செய்தியில் ஓடியது. அதைத் தள்ளி வைக்கவே அவர் தரப்பு வாதாட வேண்டியிருந்தது. உங்கள் நீதிபதியும் அப்படியே முடிவெடுப்பார் என்று எந்த வக்கீலாலும் உறுதி தர முடியாது.

டிரிகர்: நீங்கள் பயப்படுவதும், நான் பயப்படுவதும்

‘எடை குறைந்த டிரிகர் போட்டவன் கொலைவெறியன்’ என்று அரசு வக்கீல் சொல்லிவிடுவார் என்பது உங்கள் பயம். என் பயம் வேறு. எதிர்த்தரப்பு உங்களைக் கொலைவெறியன் என்று சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. ‘தெரியாமல் வெடித்துவிட்டது’ என்று சொன்னால் போதும்.

தற்காப்பு என்ற வாதமே, ‘நான் வேண்டுமென்றுதான் சுட்டேன், அதற்கு நியாயமான காரணம் இருந்தது’ என்பதில் நிற்கிறது. டெக்சாஸில் நியாயமான தற்காப்புக்கு சிவில் வழக்கிலிருந்தும் பாதுகாப்பு உண்டு. ஆனால் ‘அவர் சுட நினைக்கவே இல்லை. திருடனை மிரட்ட நீட்டினார், விரல் பட்டதும் வெடித்துவிட்டது, காரணம் இந்த இரண்டரை பவுண்ட் டிரிகர்’ என்று எதிர்த்தரப்பு நிறுவிவிட்டால், உங்கள் வாதம் காலூன்ற இடம் இல்லாமல் போகிறது. குற்ற வழக்கில் அது அஜாக்கிரதையால் நேர்ந்த மரணம் ஆகும். சிவில் வழக்கில் இழப்பீடு கேட்பவருக்கு இந்தக் கதையில் இன்னொரு லாபமும் இருக்கிறது. வீட்டுக் காப்பீடு வேண்டுமென்றே செய்த செயலுக்குப் பொதுவாகப் பணம் தராது, கவனக்குறைவுக்குத் தரும். ஆகவே அவர் வக்கீல் கவனக்குறைவைத்தான் தேடுவார், அதற்கு உங்கள் டிரிகர் பில்லே சாட்சி.

பொருளின் பக்கமும் பாருங்கள். கம்பெனியிலிருந்து வரும்போது உங்கள் பிஸ்டலின் டிரிகர் சுமார் ஐந்தரை பவுண்ட், அதாவது இரண்டரை கிலோ. நீங்கள் விரும்புவது அதில் பாதிக்கும் குறைவு. இந்த பிஸ்டலில் வெளியே தள்ளும் சேஃப்டி நெம்பு கிடையாது. டிரிகரின் முகத்தில் இருக்கும் சிறு நாக்கு ஒன்று, தோட்டாவை அடித்து வெடிக்க வைக்கும் ஊசியான ஸ்டிரைக்கரைத் தடுக்கும் குமிழ் ஒன்று, கீழே விழுந்தால் வெடிக்காமல் பிடிக்கும் படி ஒன்று என்று மூன்றும் உள்ளேயே இருக்கின்றன. விரல் டிரிகரைப் பின்னுக்கு இழுக்கும்போது மூன்றும் வரிசையாக விலகுகின்றன. வெடிக்கும் முன் டிரிகர் நகரும் தூரத்தைக் குறைப்பதாக விளம்பரம் செய்யும் சில கிட்கள், டிரிகரோடு இணைந்த கம்பியை (டிரிகர் பார்) ஆரம்பத்திலேயே கொஞ்சம் பின்னால் நிறுத்திவிடும். அப்போது நீங்கள் தொடாதபோதே குமிழ் பாதி உயர்ந்திருக்கலாம், படியில் பிடிமானமும் குறைந்திருக்கலாம். பார்வைக்கு எதுவும் தெரியாது. விசையை இழுத்தால் வெண்ணெய் போல இருக்கும். கை தவறித் தரையில் விழும் அன்றுதான் தெரியும். ஸ்டிரைக்கர் ஸ்பிரிங்கை மெலிதாக்கினால் நேர் எதிர்ச் சிக்கல்: தோட்டாவின் அடியில் இருக்கும் பிரைமர் (முதலில் தீப்பற்றும் பகுதி) கெட்டியாக இருந்தால் அடி போதாமல் தோட்டா வெடிக்காது. போட்டியில் ஒரு வினாடி போகும், படுக்கையறையில் என்ன போகும் என்று யோசியுங்கள்.

இதையெல்லாம் பார்ட் செய்யும் சிறு கம்பெனிகளின் குறையாக மட்டும் நினைக்க வேண்டாம். ஒரு பெரிய தயாரிப்பாளரே 2017 ஆகஸ்டில், சிக் பி320 பிஸ்டல் சில கோணங்களில் விழுந்தால் வெடிக்கலாம் என்று தெரிந்து, இலவசமாக உள்பாகங்களை மாற்றித் தரும் திட்டத்தை அறிவித்தது. சோதனைக்கூடம் வைத்திருப்பவர்களுக்கே அது நேர்ந்தது.

மாற்றிய பிஸ்டலில் விபத்து நடந்தால், ‘நாங்கள் விற்ற பொருள் இது அல்ல’ என்று தயாரிப்பாளர் கைகழுவ வழி கிடைக்கும். 2005இன் ஒரு மத்திய சட்டம் துப்பாக்கிக் கம்பெனிகளுக்கு ஏற்கெனவே பெரிய கவசம். பழுதான தயாரிப்புக்கு அதில் விலக்கு உண்டு, அந்த விலக்கைத்தான் உங்கள் மாற்றம் பலவீனமாக்குகிறது. ‘வேறு பார்ட் போட்டாலே வாரன்டி போச்சு’ என்று பலர் சொல்வார்கள், அது மட்டும் தவறு. 1975இன் மேக்னசன்-மாஸ் சட்டப்படி, அந்தப் பார்ட்டால்தான் பழுது வந்தது என்று காட்டாமல் எழுத்துபூர்வமான வாரன்டியை மறுக்கக் கூடாது.

என் யோசனை இதுதான்: இரண்டு பிஸ்டல் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பாதுகாப்புக்கான கிளாக்கில் டிரிகர் குழுவைத் தொடாதீர்கள். நல்ல இரவு சைட்டோ ரெட் டாட்டோ போடுங்கள். குறி தவறாமல் இருக்க உதவும் மாற்றத்தை எந்த ஜூரி முன்னாலும் தலை நிமிர்ந்து விளக்கலாம். போட்டிக்கு இன்னொன்று வாங்கி, அதில் காம்பென்சேட்டர், மெல்லிய டிரிகர் எல்லாம் போட்டுக்கொள்ளுங்கள். உரிமம் பெற்ற கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி பழுது பார்ப்பவர்) கொடுத்து, பாதுகாப்புச் சோதனை செய்ததையும் டிரிகர் எடையையும் பில்லில் எழுதி வாங்குங்கள். அதை ரேஞ்சுக்கு மட்டும் எடுத்துப் போங்கள். முதலில் போட்டியின் விதிகளைப் படியுங்கள். இத்தகைய போட்டிகளை நடத்தும் அமெரிக்கச் சங்கமான யு.எஸ்.பி.எஸ்.ஏ.வில் புரொடக்ஷன் பிரிவில் காம்பென்சேட்டருக்கு இடமில்லை, ஓப்பன் பிரிவில் உண்டு. எல்லாவற்றையும் மாட்டிவிட்டு, ஆரம்பநிலை ஆட்டக்காரராக ஓப்பனில் போய் நிற்கத்தான் வேண்டுமா என்றும் யோசியுங்கள். செலவு கூடும், தெரியும். ஆனால் ஒரே பிஸ்டல் இரண்டு வேலையும் செய்ய வேண்டும் என்பதிலிருந்துதான் உங்கள் கடிதத்தின் பாதிச் சிக்கல் வருகிறது.

மகளுக்கு ஒன்பது வயது என்கிறீர்கள். பதினேழு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்குக் எட்டும்படி குண்டு போட்ட துப்பாக்கியை விட்டு, அது குழந்தையின் கைக்குப் போய்விட்டால் டெக்சாஸில் அதுவே குற்றம். விசை இலகுவானால் சிறு விரலுக்கும் இலகுதான். இரண்டு பிஸ்டலும் பூட்டிய பெட்டியில்தான் இருக்க வேண்டும்.

‘வரியே இல்லை’ என்ற நண்பர்

அவர் சொன்னதில் ஒரு வரி உண்மை. 2026 ஜனவரி 1 முதல், குட்டைக் குழல் ரைஃபிள், சைலன்சர் போன்றவற்றுக்கான 200 டாலர் வரி பூஜ்யமாகிவிட்டது. வரிதான் போயிற்று, பதிவு போகவில்லை. பிஸ்டலில் தோள்கட்டை மாட்டினால் அது 16 அங்குலத்துக்குக் குறைந்த குழல் உள்ள ரைஃபிள் ஆகிவிடும். படிவம் 1 கொடுத்து, ஏ.டி.எஃப். (துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் மத்திய அமைப்பு) ஒப்புதல் கைக்கு வந்த பிறகே மாட்டலாம். முன்பக்கம் செங்குத்துப் பிடி மாட்டினால் அதையும் பதிவு செய்ய வேண்டிய வேறொரு வகை ஆயுதமாகவே ஏ.டி.எஃப். கருதுகிறது. பதிவில்லாமல் மாட்டுவது, முன்னால் சொன்ன ‘கடுங்குற்ற’ப் பட்டியலிலேயே வருகிறது. நண்பர் குடிமகனாக இருக்கலாம். அவர் எடுக்கும் ரிஸ்க்கும் நீங்கள் எடுக்கும் ரிஸ்க்கும் ஒன்றல்ல.

சூட்டுக்கோல் வேலைக்கும் ஓர் எச்சரிக்கை. பிடியோடு நிறுத்துங்கள். எண் தகட்டின் அருகே சூடு வேண்டவே வேண்டாம். எண் சிதைந்த துப்பாக்கியை வைத்திருப்பதே மத்தியக் குற்றம்.

மச்சினன்

கடிதத்தில் இதை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். எனக்கு அதிகக் கவலை தந்த வரி அதுதான்.

எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை மத்திய சட்டத்தின் 922(g)(5) பிரிவு தடை செய்கிறது. ரேஞ்சில் பத்து நிமிடம் கையில் வாங்கிச் சுடுவதும் ‘வைத்திருப்பது’ என்ற வரையறைக்குள் வரலாம். 2019இல் உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கில், மாணவர் தகுதியை இழந்த ஒரு வெளிநாட்டவர்மேல் வந்த குற்றச்சாட்டின் அடிப்படையே அவர் ரேஞ்சில் சுட்டதுதான். தன் தகுதி அவருக்குத் தெரியும் என்பதையும் அரசு நிரூபிக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. ஆனால் உங்கள் மச்சினன் தன் விசா எது என்று தெரியாது என்று சொல்ல முடியுமா? 2022க்குப் பிறகு இதற்கு உச்சத் தண்டனை பதினைந்து ஆண்டு. தெரிந்தே கொடுத்தவருக்கும் அதே அளவுதான்.

இதற்குச் சட்டமே ஒரு வாசலும் வைத்திருக்கிறது. அமெரிக்க மாநிலம் ஒன்று வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம் இருந்தால் இந்தத் தடைக்கு விலக்கு உண்டு. அதை அவர் பெயரில் எடுக்கும்வரை ரேஞ்சில் பார்வையாளராக நிற்கட்டும். பெட்டியின் சாவியும் எண்ணும் அவரிடம் இருக்கக் கூடாது. ஒரே வீட்டில் இருந்து, எடுக்கும் வாய்ப்பும் இருந்தால், தொடாதபோதும் உடைமை என்று வாதாட இடமுண்டு. வீட்டில் கோபித்துக்கொண்டால் இந்தப் பத்தியைக் காட்டுங்கள்.

கலிஃபோர்னியா போவதானால்

டெக்சாஸில் சாதாரணமான இரண்டு பொருட்கள் அங்கே வழக்காகும். கழற்றி மாட்டும் மேகசின் உள்ள பிஸ்டலில் மரையிட்ட பேரல் இருந்தால் அது ‘தாக்குதல் ஆயுதம்’. பத்துக்கு மேல் தோட்டா கொள்ளும் மேகசினை மாநிலத்துக்குள் கொண்டுவரவே கூடாது. மேகசினின் கொள்ளளவைக் கூட்டும் அடித்தட்டு நீட்டிப்பும் இந்தக் கணக்கில் சேரும், உங்கள் கிளாக்கோடு வந்த பதினைந்து தோட்டா மேகசினும் சேரும். பழைய பேரலை மாட்டிக்கொண்டு, மரையிட்டதையும் பெரிய மேகசின்களையும் கிளம்பும் முன்பே டெக்சாஸில் விற்றுவிடுங்கள். போய்ச் சேர்ந்த 60 நாளுக்குள் கைத்துப்பாக்கியை மாநில அரசிடம் அறிக்கை செய்ய வேண்டும். மாற்றம் உறுதியாகத் தெரியும்வரை பேரலுக்கும் காம்பென்சேட்டருக்கும் பணம் போடாமல் இருப்பதே நல்லது.

கடிதத்தின் கடைசியில் கேட்ட இரண்டு சிறு கேள்விகள்

போட்டி நண்பர்கள் தங்கள் பிஸ்டல்களிலும் பார்ட் மாட்டித் தரக் கேட்பதாகவும், பணம் வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தொழிலாக எடுத்துக் காசு வாங்கிச் செய்தால் நீங்கள் கன்ஸ்மித், அதற்கு மத்திய உரிமம் வேண்டும். காசில்லாமல் உதவுவது வேறு. ஆனால் நீங்கள் மாட்டிய டிரிகர் அவர் வீட்டில் வெடித்தால் பிரதிவாதிப் பட்டியலில் உங்கள் பெயரும் இருக்கும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் மறுத்துவிடுவேன்.

ஊரில் உரிமத்தோடு பிஸ்டல் வைத்திருக்கும் பெரியப்பா மகனுக்குப் பழைய பார்ட்களைப் பெட்டியில் கொண்டுபோகலாமா என்றால், கூடாது. இங்கிருந்து எடுத்துப் போகப் பொதுவாக ஏற்றுமதி அனுமதி வேண்டும். அங்கே 1959ஆம் ஆண்டின் இந்திய ஆயுதச் சட்டம் ஆயுதத்தின் பாகங்களையும் ஆயுதம் என்றே சொல்கிறது. ரேஞ்சுக்குக் கொண்டுபோகும் பையை ஊருக்குப் போகும்போது எடுத்துப் போகவும் வேண்டாம். ஓரப்பையில் மறந்து கிடந்த ஒரே ஒரு தோட்டாவுக்காக விமான நிலையத்தில் வழக்கு வாங்கியவர்கள் உண்டு.

இந்த வாரம் செய்ய வேண்டியது: கார்ட்டைக் காலி செய்யுங்கள், மச்சினனிடம் பேசுங்கள், பெட்டியின் எண்ணை மாற்றுங்கள். குடியுரிமை விண்ணப்பத்துக்கு முன் ஒரு குடியேற்ற வழக்கறிஞரை நேரில் பாருங்கள். இதுவரை துப்பாக்கி தொடர்பாகப் போலீஸ் உங்களை எங்காவது நிறுத்தியிருந்தால், எழுதிய தாள் எதுவாக இருந்தாலும் கையோடு எடுத்துப் போங்கள். கைது என்று ஒன்று நடந்திருந்தால், தள்ளுபடியான வழக்காக இருந்தாலும் விண்ணப்பத்தில் சொல்லியாக வேண்டும்.